அனுபவம் இல்லாத உத்தியோகத்திற்கு நேர்முகப் பரீட்சை

கடைத்தெருவில் பிறந்து வளர்ந்த நம் வாலிபர்கள் பலர் இன்று கடையை விட்டு வெளியே உத்தியோகம் தேட வேண்டிய நிலையில் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கடை வாடகை கட்டுப்படியாகவில்லை. இன்னொருவர் வீட்டில், தந்தையின் ஒரே கடையை மூன்று சகோதரர்களும் நம்பியிருக்க முடியாது. வேறொருவருக்குக் கடை வேலையில் மனமில்லை. அதையும் குற்றமென்று சொல்வதற்கில்லை. காரணம் எதுவானாலும் மனுப் போடுகிறார்கள். சிலருக்கு நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பும் வந்துவிடுகிறது. அங்கே போய் உட்கார்ந்ததும், "இந்தத் துறையில் உங்களுக்கு அனுபவம் உண்டா?" என்று கேட்கிறார்கள். "இல்லை, அத்தாவுடைய கடையில்தான் நின்றேன்" என்று பதில் வருகிறது. அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. ஆறு வருஷ உழைப்பை அந்தத் "தான்" விழுங்கிவிட்டது.

இதற்கு நேர்மாறானவர்களும் இருக்கிறார்கள். கேட்டதற்கெல்லாம் "தெரியும்" என்பார்கள்; போகாத கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்ததாக எழுதிக்கொள்வார்கள். வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள் சாயம் வெளுத்துப்போகும். சரக்கின் எடையைக் குறைத்துச் சொன்னாலும் கூட்டிச் சொன்னாலும் இரண்டும் பொய் எடைதான் என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரியாததல்ல. உள்ள எடையை உள்ளபடி, ஆனால் வாங்குகிறவருக்குப் புரியும் அளவையில் எப்படிச் சொல்வது என்பதுதான் இன்றைய பாடம்.

இதற்குத் திருமறையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நாம் பொறுமைக்கும் கற்புக்கும் எடுத்துச் சொல்கிறோம். உத்தியோகம் தேடுகிறவன் படிக்க வேண்டிய பகுதியும் அதில் உண்டு. எகிப்து மன்னருக்கு ஒரு சங்கடம் வந்தது. கண்ட கனவுக்குப் பொருள் சொல்வார் இல்லை. சிறையிலிருந்த யூசுப் நபி கனவுக்குப் பொருள் சொன்னதோடு நிற்கவில்லை. ஏழு வருஷம் விளைவதில் உண்பதற்குக் கொஞ்சம் போக மீதியைக் கதிரோடு வைத்துக் காக்க வேண்டும், பின்வரும் ஏழு பஞ்ச வருஷங்களுக்கு அதுவே கைகொடுக்கும் என்று வழியும் சொன்னார்கள். பிறகு மன்னர் அழைத்தபோது உடனே ஓடிப்போகவில்லை. தம் மீது சுமத்தப்பட்ட பழியின் உண்மையை முதலில் விசாரிக்கச் சொல்லித் தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். அதெல்லாம் ஆன பின்னரே நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடுமாறு கேட்டார்கள். அப்போதும் தம்மைப் பற்றிச் சொன்னவை இரண்டே: பாதுகாக்கத் தெரியும், விஷயம் தெரியும்.

இதற்குமுன் ஓர் அரசாங்கக் களஞ்சியத்தில் உத்தியோகம் பார்த்ததாக அவர்கள் சொல்லவில்லை. பார்த்ததாகத் திருமறையிலும் இல்லை. வேலை கொடுப்பவரின் சங்கடம் இன்னதென்று அறிந்து, அதற்குத் தம்மிடம் உள்ள குணம் இன்னதென்று சொன்னார்கள். பதவியைக் கேட்டுப் பெறுவதுபற்றி மார்க்க அறிஞர்கள் எச்சரித்திருக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் தன்னை அறியாத ஒருவரிடம், தேவை ஏற்பட்டபோது, தன் தகுதியை உள்ளபடி சொல்வது பெருமையடித்தல் ஆகாது என்பதற்கும் அவர்கள் இந்த வரலாற்றையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். நம் பிள்ளைகள் அடக்கம் என்று எண்ணி வாயை மூடிக்கொள்வதற்கு இது பதில்.

பொதுவாகப் பேசினால் மனத்தில் நிற்காது. கிள்ளானில் மசாலைச் சாமான் மொத்த வியாபாரக் கடையில் தந்தையோடு ஆறு வருஷம் நின்ற ஒரு தம்பியை வைத்துக்கொள்வோம். கிள்ளான் துறைமுகத்தில் உள்ள ஒரு பார்வர்டிங் கம்பெனி, அதாவது பிறருடைய சரக்கைக் கப்பலேற்றியும் இறக்கியும் சுங்கம் முடித்தும் கொடுக்கும் கம்பெனி, தன் இறக்குமதிப் பிரிவுக்கு ஒரு குமாஸ்தா தேடுகிறது. தம்பிக்கு அழைப்பு வந்திருக்கிறது. பத்து நாள் அவகாசம்.

கப்பல் தொழில் நமக்கு அந்நியமான துறை என்று சொல்வதே ஒரு விந்தை. மரக்காயர் என்ற பெயரையே மரக்கலத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். நம் பாட்டன்மார்கள் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து பினாங்கிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் இறங்கினார்கள். அந்தத் துறைமுகமே 1972-ல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. 1973-ல் அங்கே கன்டெய்னர் சரக்கு இறங்கத் தொடங்கியது. இருக்கட்டும், பாட்டனார் கப்பலில் வந்தார் என்று சொன்னால் யாரும் வேலை கொடுக்கமாட்டார்கள். தொழிலைப் படிக்க வேண்டும்.

எங்கே படிப்பது? தம்பி புத்தகக் கடைக்கு ஓட வேண்டாம். முதல் புத்தகம் தந்தையின் மேஜைக்குப் பின்னால் அலமாரியில் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்தோ சென்னையிலிருந்தோ நமக்கு ஒரு கன்டெய்னர் சரக்கு வந்தால் அதற்கு ஒரு பைல் இருக்கும். நாம் அதைப் பணம் கட்டியதற்கு அத்தாட்சியாக மட்டும் பார்த்து மூடி வைக்கிறோம். அதை எடுத்து ஒவ்வொரு தாளாக, இது யார் எழுதியது, யாருக்கு எழுதியது, இது இல்லாவிட்டால் என்ன நின்றுபோகும் என்று கேட்டுக்கொண்டே படித்தால், அந்தக் கம்பெனியின் வேலையில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

விலைப்பட்டியல் நமக்குப் பழக்கம். அதோடு இருக்கும் பேக்கிங் லிஸ்ட்டில் எத்தனை மூட்டை, ஒவ்வொன்றும் என்ன எடை, மொத்த எடை, கோணி நீக்கிய எடை என்று இருக்கும். அடுத்தது பில் ஆப் லேடிங் என்னும் கப்பல் ரசீது. இந்த ஒரு தாளுக்கு மூன்று வேலை: சரக்கைக் கப்பல் கம்பெனி பெற்றுக்கொண்டதற்கு ரசீது, கொண்டுவந்து சேர்ப்பதாகச் செய்த ஒப்பந்தத்திற்கு அத்தாட்சி, சரக்கின் மீது உரிமை கொடுக்கும் பத்திரம். மூன்றாவதுதான் முக்கியம். அசல் ரசீது வழங்கப்பட்டிருந்தால் அதை ஒப்படைத்தால்தான் கப்பல் ஏஜண்டு டெலிவரி ஆர்டர் கொடுப்பார். வங்கியில் பணம் கட்டி அசலை எடுப்பதற்கு அத்தா ஏன் அத்தனை அவசரப்பட்டார் என்பது தம்பிக்கு இப்போது விளங்கும்.

பிறகு, பொருள் இந்தியாவில் விளைந்தது என்பதற்கான சான்றிதழ். ஆசியான் நாடுகளுக்கும் இந்தியாவுக்கும் இடையே செய்துகொண்ட சரக்கு ஒப்பந்தம் மலேசியாவைப் பொறுத்தவரை 2010 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. அந்த ஒப்பந்தப்படி வரிச் சலுகை கேட்க வேண்டுமானால் இந்தச் சான்றிதழ் சரியாக இருக்க வேண்டும். தாவரப் பொருளானால் பூச்சி நோய் இல்லை என்ற சான்றிதழும் இருக்கும். கடைசியாகச் சுங்கத்துக்குக் கொடுத்த மனு. இறக்குமதிக்கு கே1, ஏற்றுமதிக்கு கே2 என்று அதற்குப் பெயர். அதில் ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் எண் போட்டிருப்பதைப் பார்க்கலாம். உலகச் சுங்க அமைப்பின் முறைப்படி மசாலைச் சாமான்கள் ஒன்பதாம் அத்தியாயத்தில் வருகின்றன: மிளகும் மிளகாய் வற்றலும் 0904, கொத்தமல்லி, சீரகம், சோம்பு 0909, இஞ்சி, மஞ்சள் 0910. முதல் ஆறு இலக்கம் அந்த முறையைப் பின்பற்றும் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்கு மேல் உள்ளவை வட்டாரத்துக்கும் நாட்டுக்கும் உரியவை. எண் தவறினால் வரி தவறும்; வரி தவறினால் சரக்கு நிற்கும். பார்வர்டிங் குமாஸ்தாவின் கவலையெல்லாம் பெரும்பாலும் இதுதான்.

பைலின் அடியில் பார்வர்டிங் கம்பெனியின் பில் கிடக்கும். அதை வரி வரியாகப் படிக்க வேண்டும். கப்பல் ஏஜண்டுக்குக் கட்டியது எவ்வளவு, துறைமுகக் கட்டணம் எவ்வளவு, லோரி வாடகை எவ்வளவு, அவர்கள் கூலி எவ்வளவு என்று பிரித்திருக்கும். ஏதாவது ஒரு மாதத்து பில்லில் டெமரேஜ் என்று ஒரு தொகை இருந்தால் அங்கே நிறுத்திப் படிக்கட்டும். இலவச நாட்கள் கடந்தும் கன்டெய்னரைத் துறைமுகத்திலிருந்து எடுக்காததற்குக் கப்பல் கம்பெனி வாங்கும் பணம் அது. எடுத்துச் சென்ற கன்டெய்னரைக் காலி செய்து திருப்பிவிடத் தாமதித்தால் அதற்கு டிடென்ஷன் என்று வேறு. இரண்டையும் குழப்பாமல் சொல்லத் தெரிந்தவன் புதியவனாக இருந்தாலும் கேட்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

இதையெல்லாம் படித்தபின், கடைக்கு வழக்கமாகச் சரக்கு இறக்கிக் கொடுக்கும் ஏஜண்டிடம் போய் அரை மணி நேரம் தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேசலாம். "ஒரு நாளில் உங்களுக்கு அதிகமாகத் தலைவலி கொடுப்பது எது?" என்ற ஒரு கேள்வி போதும். தாள்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராதது, கப்பல் பிந்துவது, சரக்குக்காரர் தினம் பத்துத் தடவை போன் செய்வது என்று கதை கதையாக வரும். அவைதான் வேலை கொடுப்பவரின் சங்கடங்கள். எப்.ஓ.பி., சி.ஐ.எப். போன்ற விலை முறைகளைப் பற்றியும் அவரிடமே தெளிவு பெறலாம். 2020-ம் வருஷப் பதிப்பில் இம்முறைகள் பதினொன்று. சி.ஐ.எப். விலையில் நம் துறைமுகம் வரை கூலியும் இன்ஷூரன்ஸும் விற்பவர் கட்டினாலும், சரக்குக் கப்பலில் ஏறியது முதல் நஷ்ட அபாயம் வாங்கியவருடையதே. வருஷக்கணக்காக இறக்குமதி செய்யும் முதலாளிகள் சிலரே இதை மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது தம்பி தன் பக்கம் திரும்பலாம். ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அந்த வேலைக்கு வேண்டியதையும், மறுபக்கத்தில் தான் கடையில் செய்ததையும் எழுத வேண்டும். தாளோடு தாள் ஒத்துப்பார்ப்பது அங்கே வேலை. லோரி வந்ததும் விலைப்பட்டியலை வைத்து மூட்டை எண்ணி எடை பார்த்துக் கையெழுத்துப் போட்டது இங்கே செய்தது. நாள் கணக்குத் தவறாமல் இருப்பது அங்கே வேலை. நோன்புக்கும் தீபாவளிக்கும் சரக்கு நிற்க வேண்டுமென்று எத்தனை வாரம் முன்னால் ஆர்டர் கொடுப்பது என்று கணக்குப் போட்டது இங்கே செய்தது. கோபமாக வரும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது, ஒரே நாளில் மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பேசுவது, கடன் பேரேட்டில் பாக்கி நிற்பவர்களுக்கு நினைவூட்டுவது எல்லாம் எழுதலாம். ஆனால் "நன்றாகச் செய்வேன்" என்று எழுதுவதில் பயனில்லை. மாதத்திற்கு எத்தனை லோரி, எத்தனை மூட்டை, எத்தனை பேர் கணக்கு என்று எண் வேண்டும். எண் சொல்ல முடியாததை எழுதாமல் விடலாம்.

இன்னொன்றும் செய்யலாம். பைல்களை வைத்துக் கடந்த ஒரு வருஷத்து இறக்குமதிகளைக் கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணையாகப் போட்டுப் பார்க்கட்டும்: கப்பல் வந்த தேதி, சுங்கம் முடிந்த தேதி, கடை சேர்ந்த தேதி, இடையில் சென்ற நாட்கள், தாமதத்தின் காரணம். சுங்க மனுக்களே கம்ப்யூட்டர் வழியாகப் போகும் காலம் இது. அட்டவணை போடத் தெரியும் என்று வாயால் சொல்வதைவிட ஒரு தாளைக் காட்டுவது மேல். தந்தையின் அனுமதி பெற்று, விலையையும் சரக்கு அனுப்பியவர் பெயரையும் மறைத்துவிட்டே காட்ட வேண்டும். கடையின் இரகசியம் ஓர் அமானிதம். பிறர் விலைப்பட்டியல்கள் நாள்தோறும் கைமாறும் கம்பெனியில், இவன் மறைத்துக் காட்டினான் என்பதையும் கவனிப்பார்கள்.

இனிக் கேள்விகள். "பார்வர்டிங் வேலை செய்ததுண்டா?" என்றால், முதல் வார்த்தை "இல்லை" என்பதாகவே இருக்கட்டும். அதோடு நிறுத்தாமல், "இல்லை. ஆனால் ஆறு வருஷமாக உங்களைப் போன்ற கம்பெனியின் வாடிக்கையாளர் பக்கத்தில் இருந்திருக்கிறேன். ஒரு தடவை கப்பல் ரசீதில் மூட்டை எண்ணிக்கையும் பேக்கிங் லிஸ்ட்டும் ஒத்துவரவில்லை. கப்பல் வருமுன்பே நான் கண்டு சொன்னதால் ஊரிலிருந்து திருத்திய தாள் வரவழைத்தோம்" என்று நடந்ததைச் சொல்லலாம். நடந்திருந்தால் மட்டும். சந்தர்ப்பம் என்ன, தன் பொறுப்பு என்ன, தான் செய்தது என்ன, அதனால் ஆனது என்ன என்ற வரிசையில் இரண்டு நிமிஷத்திற்குள் முடிக்க வேண்டும். நம்மவர்கள் கதையைப் பாட்டனார் காலத்திலிருந்து ஆரம்பித்துவிடுவார்கள், அது ஆகாது. "நாங்கள் செய்தோம்" என்று பன்மையிலேயே பேசுவதும் நம் வழக்கம். அத்தா செய்தது எது, தான் செய்தது எது என்று பிரித்துச் சொல்லாவிட்டால் கேட்பவர் எல்லாவற்றையும் அத்தாவின் கணக்கில் எழுதிவிடுவார்.

தெரியாததைக் கேட்டால், "இது எனக்குத் தெரியாது, சுங்கத்துறை அறிவிப்பில் பார்ப்பேன், அல்லது பிரிவுத் தலைவரைக் கேட்பேன்" என்று எங்கே தேடுவேன் என்பதைச் சேர்த்துச் சொல்வது நல்லது. "சொந்தக் கடை இருக்க ஏன் இங்கே வருகிறீர்கள்?" என்பது நிச்சயம் வரும். ஆறு மாதத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டு ஓடிவிடுவானோ என்பதுதான் அவர்கள் பயம். இதற்கு வீட்டிலேயே, தந்தையுடன் பேசி, உண்மையான பதிலைத் தீர்மானித்துக்கொண்டு போக வேண்டும். கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான் என்றால் அப்படியே சொல்லலாம். தந்தை மனத்தில் இரண்டு வருஷத்தில் திருப்பி அழைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், பிள்ளையை அங்கே அனுப்பி நீண்ட காலம் இருப்பேன் என்று வாக்குக் கொடுக்க வைப்பது சரியல்ல.

பதில்களை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தால் போதாது. அங்கே மலாயிலோ ஆங்கிலத்திலோதான் பேச வேண்டியிருக்கும். தமிழில் சரளமாக வருவது அங்கே நாக்கில் சிக்கும். வீட்டில் தங்கையை எதிரில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லி, உரத்த குரலில், அந்த மொழியிலேயே மூன்று நான்கு தடவை பழக வேண்டும். தங்கை என்றதும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இரவில் கடைக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து எழுதும் பெண் பிள்ளைகள் நம்மிடையே எத்தனையோ பேர். அவர்கள் அதை வேலையென்று நினைப்பதே இல்லை. கணக்குப் பிரிவில் வேலைக்கு மனுப் போடும்போதும் அதைக் குறிப்பிடுவதில்லை.

முதலாளிமார்களுக்கும் இதில் கடமை உண்டு. பிள்ளையோ, மருமகனோ, ஊரிலிருந்து வந்து தங்கிய உறவினரோ, கடையில் பல வருஷம் நின்றவருக்குக் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இருப்பதில்லை. கேட்ட போதெல்லாம் கைச்செலவுக்குக் கொடுத்தோம், சம்பளச் சீட்டு எதற்கு என்று இருந்துவிடுகிறோம். வெளியே போகும் அன்று அது அவர்கள் ஆறு வருஷத்தையும் இல்லாததாக்கிவிடுகிறது. மாதச் சம்பளமும் சீட்டும் சேமநிதிச் சந்தாவும் ஒழுங்காக இருந்தால் அவையே சாட்சி. அப்படி இல்லாவிட்டால், கடையின் பதிவு எண் உள்ள தாளில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, இன்ன இன்ன வேலை பார்த்தார் என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். "மிக நல்ல பையன்" என்று தந்தை எழுதுவதற்கு வெளியே மதிப்பில்லை. விசாரிக்க வேண்டிய பெயர்களாக, சரக்கு கொடுக்கும் வேறு சமூகத்து வியாபாரி ஒருவர், பள்ளிவாசல் நிர்வாகி ஒருவர் என்று, இரத்த உறவில்லாத இருவரை அவர்கள் சம்மதம் பெற்றுக் கொடுக்கலாம்.

உடை, சவரம், சப்பாத்து பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. சுத்தமாகவும் எளிமையாகவும் இருந்தால் போதும். முதல் நாளே போய் இடத்தைப் பார்த்துவருவது நல்லது. துறைமுகப் பாதையில் கன்டெய்னர் லோரிகள் வரிசை நின்றால் பத்து நிமிஷப் பயணம் ஒரு மணி நேரமாகும். பரீட்சை பிற்பகலில் என்றால் லுஹர் தொழுகைக்கு இடம் எங்கே என்றும் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

மார்க்க சம்பந்தமான ஒரு விஷயம் போகுமுன் தீர வேண்டும். பார்வர்டிங் கம்பெனி எல்லாருடைய சரக்கையும் கையாள்கிறது. மதுவும் அதில் இருக்கலாம். அதற்குத் தாள் எழுதலாமா, எழுதாமல் ஒதுங்க வழியுண்டா என்பதை நம்பகமான ஆலிம் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். பரீட்சை அறையில் அதை ஒரு வாதமாகக் கிளப்புவது முறையல்ல. ஆலிமின் பதில்படி ஒதுங்க வேண்டியிருந்தால், வேலை கொடுப்பதாகச் சொன்னபிறகு, கையெழுத்திடுமுன், "இன்ன சரக்கின் கோப்பு மட்டும் வேறொருவரிடம் கொடுக்க முடியுமா?" என்று அமைதியாகக் கேட்கலாம். முடியாதென்றால் மறுத்துவிட்டு வர மனத்தைத் தயார் செய்துகொண்டே போக வேண்டும். ஜும்ஆ நேரத்தையும் அப்போதே பேசிக்கொள்ளலாம்.

சம்பளம் பேச நம்மவர்களுக்குக் கூச்சம். மூஸா நபி (அலை) அவர்கள் மத்யனுக்கு வந்தபோது, கூலிக்கு அமர்த்தத் தக்கவர் பலமும் நம்பிக்கையும் உள்ளவரே என்று அந்தப் பெரியவரின் மகள் தந்தையிடம் எடுத்துச் சொன்னார். பெரியவரோ எட்டு வருஷம், விரும்பினால் பத்து என்று நிபந்தனையை வெளிப்படையாகச் சொன்னார். மூஸா நபியும் எந்தக் கெடுவை முடித்தாலும் தம்மீது குறை வரக்கூடாது என்று பேசி ஒப்புக்கொண்டார்கள். நபிமாரே கெடுவைத் தெளிவாகப் பேசியிருக்க, நாம் "பார்த்துக் கொடுங்கள்" என்று விட்டுவருவது எதற்கு? மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளுக்கும் மாதம் 1,700 வெள்ளி. மாதச் சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேற்படாத மலேசியர்களுக்கு முதலாளி சேமநிதியில் 13 விழுக்காடு கட்டுகிறார். கடையில் கைக்கு வந்த பணத்தோடு ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தகுதிகாண் காலம் எத்தனை மாதம், வேலையைக் கற்றுக்கொடுப்பவர் யார், பிற்காலத்தில் சுங்கத்துறையின் ஏஜண்டு பயிற்சிக்கு அனுப்புவார்களா என்ற மூன்றையும் கேட்டு வரலாம். கடைசிக் கேள்வி கேட்பவருக்கும் பிடிக்கும்; இவன் இருக்க வந்தவன் என்று தெரியும்.

மறுநாள் இரண்டு வரியில் நன்றி எழுதினால் போதும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் பொறுத்து ஒரு தடவை விசாரிக்கலாம். வேண்டாமென்று சொல்லிவிட்டால், எந்தக் கேள்விகளுக்குத் தடுமாறினோம் என்பதை அன்றிரவே அந்தத் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைக்கட்டும். கிள்ளான் துறைமுகத்தில் பார்வர்டிங் கம்பெனி ஒன்றிரண்டல்ல. பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்திலும் இவ்வகை வேலைகளைத் தேடிப் பார்க்கலாம். அடுத்த அழைப்புக்குப் பத்து நாள் வேண்டியிராது. அந்தத் தாளும் பைலும் இருந்தால் இரண்டு நாளில் தயாராகிவிடலாம்.